குடுவைச் செடிக்கு உரம் வேண்டாம், மழைநீர் போதும்



மண்ணுக்கு எதைக் கொடுப்பது என்றுதான் நாம் எப்போதும் பேசுவோம். தொழுவுரம், மட்கு, ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், மீன் அமிலம் என்று நம்மிடம் ஒரு பெரிய பட்டியலே உண்டு. இந்த முறை அதில் எதையுமே கொடுக்கக் கூடாத ஒரு செடியைப் பற்றி எழுதுகிறேன். பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடி, அதிலும் வீட்டில் வளர்க்கத் தோதான கலப்பு வகைகள்.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் எங்களுக்குத் தென்னை, மிளகு, ஜாதிக்காய் கலந்த ஒரு வீட்டுத் தோட்டம் இருக்கிறது. பலாமர நிழலில் சில குடுவைச் செடிகளைத் தொங்கவிட்டு வளர்க்கிறேன். தோட்டம் பார்க்க வருகிறவர்கள் மிளகைப் பார்ப்பதைவிட இதைத்தான் அதிக நேரம் நின்று பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, "அக்கா, நாங்களும் ஒண்ணு வாங்கினோம், மூணு மாசத்துல போயிருச்சு" என்பார்கள். என்ன செய்தீர்கள் என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "நல்லாத்தான் கவனிச்சோம். மண்புழு உரம் வச்சோம், வாரம் ஒரு தடவை ஜீவாமிர்தம் ஊத்தினோம்." செடி செத்ததற்குக் காரணமே அந்தக் கவனிப்புதான். ஏன் என்று புரிந்துகொண்டால் இந்தச் செடியை வளர்ப்பது கறிவேப்பிலை வளர்ப்பதைவிட எளிது.

ஏழை மண்ணில் பிறந்த செடி

நெப்பந்தஸ் என்ற இந்தக் குடும்பத்தில் 150க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மேற்கே மடகாஸ்கர், சீஷெல்ஸ் தீவுகள், நமக்குப் பக்கத்தில் இலங்கை, வடகிழக்கில் மேகாலயா, அங்கிருந்து மலேசியா, போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ், நியூகினி வரை பரவியிருக்கிறது. இவை வளரும் இடங்கள் பலவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. மழை கொட்டும், காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், ஆனால் மண்ணில் சத்து இருக்காது. பெய்கிற மழை தழைச்சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

அந்த மண்ணில் பிழைக்க இந்தச் செடி ஒரு வழி கண்டுபிடித்தது. வேரால் கிடைக்காததை இலையால் சம்பாதிப்பது. இலையின் நுனி கம்பிபோல நீண்டு, அதன் முனை ஊதிக் குடுவையாகிறது. குடுவை என்பது பூ அல்ல, இலையின் பகுதிதான். மேலே ஒரு மூடி, மழைநீர் அதிகம் விழாமல் காக்கும். வாயைச் சுற்றியுள்ள விளிம்பில் தேன் சுரக்கும். தேனுக்காக வரும் எறும்புக்கு, விளிம்பு காய்ந்திருந்தால் கால் நிற்கும். மழையிலோ பனியிலோ நனைந்திருந்தால் பாசி பிடித்த கிணற்றுப்படிபோல வழுக்கிவிடும். உள்ளே விழுந்த பூச்சி ஏற முடியாது. பல இனங்களில் உட்சுவரும் மெழுகு பூசியதுபோல இருக்கும். அடியில் இருக்கும் புளிப்பு நீரும் அதிலுள்ள நொதிகளும் பூச்சியைக் கரைக்க, அந்தச் சத்தைக் குடுவையின் சுவர் உறிஞ்சிக்கொள்ளும்.

எல்லா இனமும் பூச்சியை மட்டும் நம்பியிருப்பதில்லை. ஆம்புலேரியா என்ற இனத்தின் மூடி பின்னால் மடிந்து கிடக்கும், குடுவை வானம் பார்த்துத் திறந்திருக்கும். மரத்திலிருந்து விழும் சருகு அதற்குள் மட்கி, செடிக்குத் தேவையான தழைச்சத்தில் ஒரு பகுதியைக் கொடுக்கிறது. நாம் குழி வெட்டி மட்கு போடுகிறோம், அது ஒரு குடுவைக்குள்ளேயே போட்டுக்கொள்கிறது. போர்னியோவில் ஹெம்ஸ்லியானா என்ற இனத்தின் குடுவைக்குள் சின்ன வௌவால் பகலில் வந்து தூங்கும், அதன் எச்சம் செடிக்கு உரம்.

இப்படிப்பட்ட செடியின் வேர் மெல்லியதாக, கறுப்பாக, தொட்டால் ஒடிகிறதாக இருக்கும். செடியை நிறுத்தி வைக்கவும் தண்ணீர் எடுக்கவும்தான் அதற்கு அதிகப் பழக்கம். அந்த வேரில் சத்து நிறைந்த கரைசலை ஊற்றினால் உப்பு ஏறி வேர் கருகும். தப்பிப் பிழைத்தாலும், மண்ணிலேயே தழைச்சத்து கிடைக்கும்போது குடுவைக்குத் தேவை குறைந்துவிடுகிறது. இலை பெரிதாகத் தழைக்கும், நுனியில் குடுவை இராது.

நாம் கலப்பினத்தை எதிர்ப்பவர்கள் ஆயிற்றே?

இந்தக் கேள்வியைக் கேட்காத இயற்கை உழவர் இல்லை. நியாயமான கேள்விதான். வீரிய ஒட்டு மக்காச்சோள விதையை நாம் வேண்டாம் என்பதற்குக் காரணம், அடுத்த ஆண்டு அதே விதையை எடுத்து விதைக்க முடியாது, கடைக்காரரிடமே திரும்பப் போக வேண்டும் என்பது. குடுவைச் செடியில் அந்தப் பிடி இல்லை. விதையை நம்பாமல் தண்டுப் போத்து வைத்தே பெருக்கலாம். போத்தில் முளைப்பது அப்படியே தாய்ச்செடிதான். ஒரு முறை வாங்கினால் போதும், அதற்குப் பிறகு உங்கள் வீட்டுச் செடிதான் உங்கள் நாற்றங்கால்.

இரண்டாவது, இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஒரே மலையில் இரண்டு இனங்கள் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்து ஒரே சமயத்தில் பூத்தால், ஈயும் எறும்பும் மகரந்தத்தை மாற்றி வைத்துவிடும். காட்டிலேயே கலப்பு நடக்கிறது. நம் ஊர் நர்சரிகளில் அதிகம் கிடைக்கும் வென்ட்ராட்டா அப்படிப் பிலிப்பைன்ஸ் காட்டில் இயற்கையாக உண்டான கலப்புத்தான். மனிதர் செய்த கலப்புக்கும் வயது அதிகம். இங்கிலாந்தின் வீட்ச் நர்சரியில் ஜான் டாமினி என்ற தோட்டக்காரர் உருவாக்கிய கலப்புக் குடுவைச் செடி 1862இல் காட்சிக்கு வந்தது. பெரிய குடுவையில் சிவப்புக் கோடுகளோடு விற்கும் மிராண்டா, மேக்ஸிமா, நார்த்தியானா என்ற இரண்டு இனங்களின் வழி வந்தது.

மூன்றாவது, நடைமுறைக் காரணம். மலைமேல் வாழும் தனி இனங்களுக்கு இரவில் நல்ல குளிர் வேண்டும். கினபாலு மலையில் 1500 மீட்டருக்கு மேலே வளரும் ராஜா என்ற இனத்தை நம் சமவெளியில் வைத்தால் வெப்பத்திலேயே போய்விடும். கலப்புச் செடி அப்படி அல்ல. இரண்டு பெற்றோரின் தாங்கும் தன்மையும் சேர்வதால் வெயில், குளிர், வறட்டுக் காற்று எல்லாவற்றையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். முதல் செடி வாங்குகிறவர்கள் வென்ட்ராட்டாவோ மிராண்டாவோ வாங்குங்கள்.

தண்ணீர்: பாதி வேலை இதில்தான்

குடுவைச் செடிக்கு உப்பில்லாத தண்ணீர் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பும் உப்பும் கரைந்திருக்கும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளை படிந்திருந்தால் உள்ளே வேருக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

டி.டி.எஸ். மீட்டர் ஒன்று கையில் இருந்தால் நல்லது. 50க்குக் கீழ் காட்டும் தண்ணீர் மிக நல்லது. 100ஐத் தாண்டும் தண்ணீரைத் தினசரி ஊற்றாதீங்க. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம், ஆனால் சில கருவிகளில் சுவைக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்ப்பார்கள், அதையும் அளந்து பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் மேலானது மழைநீர். 10 அடிக்கு 10 அடி கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் சுமார் 90 லிட்டர் கிடைக்கும். பத்துச் செடிக்கு நாள் ஒன்றுக்கு 3 லிட்டர் என்று வைத்தாலும் மூன்று மாதக் கோடைக்கு 270 லிட்டர்தான் ஆகும். எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் பெய்வதால், ஒரு 500 லிட்டர் தொட்டி நிறைந்தால் வெயில் காலம் முழுக்கக் கவலை இல்லை. முதல் மழையில் கூரைத் தூசி வரும், அதை விட்டுவிட்டுப் பிடியுங்கள். தொட்டி வாயைக் கொசுவலையால் இறுகக் கட்டிவிடுங்கள்.

ஊற்றும் முறை: மேலிருந்து ஊற்றி, அடித்துளை வழியாக வடியவிட வேண்டும். கலவை எப்போதும் ஈரமாக இருக்கணும், சொதசொதன்னு இருக்கக் கூடாது. தட்டில் தண்ணீர் தேக்கி அதில் தொட்டியை நிரந்தரமாக வைத்தால் வேர் அழுகும்.

தொட்டிக் கலவை

செம்மண், வண்டல், கடல் மணல், தொழுவுரம், மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு, சாம்பல் எதுவும் வேண்டாம். காற்றோட்டமும் ஈரமும் உள்ள, சத்தில்லாத, லேசான புளிப்புத் தன்மை கொண்ட கலவைதான் தேவை. நான் பயன்படுத்துவது:

தேங்காய் மட்டைத் துண்டு 2 பங்கு. எங்கள் ஊரில் கதம்பை என்போம். விரல்கணு அளவுக்கு நறுக்கியது.
ஸ்பேக்னம் பாசி 1 பங்கு. காய்ந்த பாசியாகக் கடையில் கிடைக்கும்.
பெர்லைட் அல்லது கழுவிய கரித்துண்டு 1 பங்கு. கரியில் ஒட்டிய சாம்பல் முழுக்கப் போக வேண்டும்.

மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு. உப்பங்கழியில் ஊறவைத்த மட்டை என்றால் இன்னும் அதிகம், அதைத் தொடவே வேண்டாம். மட்டைத் துண்டை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து வடிக்க வேண்டும். இப்படி நாலைந்து முறை. கடைசி இரண்டு முறை மழைநீரில். வடித்த தண்ணீரை மீட்டரில் பார்த்தால் மழைநீரின் அளவுக்குப் பக்கத்தில் வந்திருக்கணும். அதுவரை பொறுமையாகக் கழுவுங்கள். கோகோபீட் கட்டி வாங்கினாலும் இதே கழுவல்தான்.

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கலவை மட்கி இறுகும். அப்போது மாற்றுங்கள். வேரை உதறாமல், பழைய கலவை கொஞ்சம் ஒட்டியிருக்கும்படி அப்படியே தூக்கி வையுங்கள்.

வெளிச்சமும் காற்று ஈரமும்

உச்சி வெயில் நேராக விழக் கூடாது, இருட்டிலும் வைக்கக் கூடாது. 50 சதவீத நிழல்வலைக்கு அடியிலோ, மரத்தின் சிதறிய நிழலிலோ, காலை வெயில் மட்டும் படும் கிழக்குத் தாழ்வாரத்திலோ தொங்கவிடலாம். இலையே சொல்லிவிடும். கரும்பச்சையாக, நீண்டு, தொங்கிப்போய் இருந்தால் வெளிச்சம் போதவில்லை. வெளிர்பச்சையில் லேசாகச் செம்மை ஏறியிருந்தால் சரியான இடம். திட்டுத்திட்டாகக் கருகினால் வெயில் அதிகம்.

கம்பி நுனியில் சின்ன மொட்டு வந்து, ஊதாமலே கருகுகிறது என்றால் காற்று வறண்டிருக்கிறது. உள்மாவட்டங்களில் சித்திரை, வைகாசியில் இதுதான் பெரிய தொல்லை. அதற்குப் பெரிய செலவு வேண்டாம். பெரணி, மணிப்பிளாண்ட் போன்ற தண்ணீர் விரும்பும் செடிகளுக்கு நடுவில் வையுங்கள். சுற்றியுள்ள தரையை நனைத்துவிடுங்கள். காலையும் மாலையும் மழைநீரைப் புகைபோலத் தெளியுங்கள்.

இடம் மாறிய செடி ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை குடுவை விடாமல் இருக்கலாம். அந்த நேரத்தில்தான் பலருக்குப் பொறுமை போய் "கொஞ்சம் உரம் போட்டுப் பார்ப்போம்" என்று ஆரம்பிப்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள்.

சாப்பாடு கொடுக்கணுமா?

வெளியில் தொங்கும் செடிக்கு நாம் எதுவும் கொடுக்கத் தேவையில்லை. எறும்பு தானே வரும். ஜன்னலுக்குள் வைத்திருந்தால் மாதம் ஒரு முறை, ஒன்றிரண்டு குடுவையில் செத்த எறும்பு நாலைந்தோ, ஒரு சின்ன வெட்டுக்கிளியோ போடலாம். அதற்கு மேல் வேண்டாம். இறைச்சித் துண்டு, முட்டை, சோறு, பால் போட்டால் ஜீரணமாகாமல் குடுவை அழுகி நாறும்.

குடுவைக்குள் இருக்கும் நீரைக் கொட்டாதீங்க. அது செடி தானே சுரந்த ஜீரண நீர். வண்டியில் கொண்டுவரும்போது சிந்திவிட்டால் மட்டும், திறந்த குடுவையில் கால் பங்கு மழைநீர் ஊற்றிவையுங்கள். குடுவை சில மாதங்கள் இருந்து மேலிருந்து காயத் தொடங்கும். அது நோய் அல்ல, வயசு. காய்ந்த பகுதியை மட்டும் வெட்டுங்கள். இலை பச்சையாக இருக்கும்வரை இலையை விட்டுவிடுங்கள்.

பூச்சி தின்னும் செடிக்கும் பூச்சி வரும்

எறும்பைத் தின்னும் செடிதான், ஆனால் அதே எறும்பு மாவுப்பூச்சியைக் கொண்டுவந்து இலைக்கணுவில் குடிவைக்கும். செதில் பூச்சி, அசுவினி, இலைப்பேனும் வரும். வாரம் ஒரு முறை இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தொடக்கத்திலேயே கண்டால் நனைந்த துணியாலோ பழைய பல் துலக்கும் தூரிகையாலோ துடைத்தெடுத்தால் போதும்.

மீறிப் போனால் மட்டும் வேப்பெண்ணெய். 1 லிட்டர் மழைநீருக்கு 2 மி.லி., கரைவதற்குச் சில துளி காதி சோப்புக் கரைசல். முதலில் ஒரே ஒரு இலையில் தெளித்து மூன்று நாள் பாருங்கள், கருகவில்லை என்றால் சாயங்காலத்தில் மற்ற இலைகளுக்குத் தெளியுங்கள். குடுவை வாயைப் பஞ்சால் அடைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் வெறும் மழைநீரால் கழுவிவிடுங்கள். கோமியம் சேர்த்த கசாயம் எதுவும் இங்கே வேண்டாம், அதில் உப்பும் தழைச்சத்தும் இருக்கிறது.

போத்து வைக்கும் முறை

செடி வளர வளரக் கொடியாக நீளும். கீழே உருண்டையாக இருந்த குடுவை மேலே போகப் போக ஒல்லியாகிவிடும். அந்தச் சமயம்தான் வெட்டுவதற்குச் சரி. மழைக்காலம் தோது.

1. சுத்தமான கூரிய கத்தியால் இரண்டு மூன்று கணு உள்ள துண்டாக வெட்டவும். அடி வெட்டு சாய்வாக, கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும்.
2. இலைகளைப் பாதியாக நறுக்கவும், குடுவைகளை எடுத்துவிடவும். ஈரம் வீணாகாது.
3. நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியில் ஒரு கணு புதையும்படி நடவும்.
4. மேலே கண்ணாடிக் குடுவையோ வெட்டிய பிளாஸ்டிக் புட்டியோ கவிழ்த்து, வெயில் படாத வெளிச்சத்தில் வைக்கவும். இரண்டு நாளுக்கு ஒரு முறை சற்றுத் திறந்து காற்று விடவும்.
5. ஒன்று முதல் இரண்டு மாதத்தில் கணுவிலிருந்து புதுத்தளிர் வரும். வேர் பிடித்ததா என்று இழுத்துப் பார்க்க வேண்டாம். தளிர் இரண்டு இலை விட்ட பிறகு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றவும்.

வெட்டிய தாய்ச்செடியும் சும்மா இருக்காது. அடியிலிருந்து புதுக்கிளை விடும். போத்து நல்ல குடுவைகளோடு நிமிர்ந்து நிற்க ஏறக்குறைய ஓராண்டு ஆகும். சிறு நர்சரி வைத்திருப்பவர்கள் இந்தக் காலத்தைக் கணக்கில் வைத்துத் தொடங்குங்கள். விற்கும்போது ஒரு துண்டுச் சீட்டும் கொடுங்கள்: "உரம் வேண்டாம். போர் தண்ணீர் வேண்டாம். காலை வெயில் போதும்." அந்த மூன்று வரி செடியைக் காப்பாற்றும், உங்கள் பெயரையும் காப்பாற்றும்.

விதை என்று சொல்லி இணையத்தில் கலர் கலராகப் படம் போட்டு விற்பதை நம்பாதீங்க. உண்மையான விதை நூல் இழைபோல மெல்லியது, சீக்கிரம் முளைப்புத்திறன் இழக்கும். முளைத்தாலும் குடுவை பார்க்கும் அளவுக்கு வளரச் சில ஆண்டுகள் ஆகும்.

"தோட்டத்துப் பூச்சிக்கு இது மருந்தாகுமா?"

ஆகாது. ஒரு செடி பிடிப்பது தன் வயிற்றுக்கு மட்டும்தான். கத்தரிக் காய்ப்புழுவுக்கும் தென்னை வண்டுக்கும் இதனால் ஒன்றும் ஆகாது. கொசுவையும் ஒழிக்காது. காட்டில் குடுவை நீருக்குள்ளேயே வாழப் பழகிய கொசுப் புழுக்கள்கூட உண்டு. வீட்டில், காய்ந்த பழைய குடுவையில் மழைநீர் தேங்கவிடாமல் வெட்டி எடுத்துவிடுங்கள், போதும். வருமானத்துக்காகவும் அழகுக்காகவும், இயற்கை எப்படி யோசிக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டவும் இதை வளர்க்கலாம்.

காட்டில் இருப்பது காட்டில் இருக்கட்டும்

இந்தியாவில் இயற்கையாக வளரும் குடுவைச் செடி ஒரே ஒரு இனம்தான், மேகாலயாவின் காசியானா. காரோ மக்கள் இதை மெமாங் கோக்சி, அதாவது பேயின் கூடை, என்று அழைக்கிறார்கள். சுரங்கம், காடழிப்பு, செடியைப் பிடுங்கி விற்பது எல்லாம் சேர்ந்து இதை அழிவின் விளிம்பில் நிறுத்தியிருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட செடி இது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளது. ஆகவே யாராவது "காட்டுலேர்ந்து எடுத்த ஒரிஜினல்" என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள். வேர் ஒடியும் செடி என்று முன்பே சொன்னேன். பிடுங்கி வந்தது நம் வீட்டில் பிழைப்பதும் அரிது, மலையில் அதன் இடமும் காலி.

நர்சரியில் போத்திலிருந்து வளர்த்த கலப்புச் செடி ஒன்று வாங்குங்கள். மழைநீர் பிடித்து வையுங்கள். அடுத்த மழைக்கு இரண்டு போத்து வெட்டி, ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். ஆளுக்கு ஒன்று இப்படிக் கைமாறிப் போனால் காட்டில் கை வைக்க யாருக்கும் தேவை வராது.